வரவு: 40 சதுர கிலோமீட்டர்!

வீடு வாங்க வக்கில்லாதவன் வீட்டை ஓட்டியாவது பார்க்கலாம். நியூசிலாந்தில் அதற்கு வசதி உண்டு. கேம்பர் வேன் என்று பெயர்.

வெளியே இருந்து பார்த்தால் நம்ம ஊர் கூரியர் வண்டி மாதிரிதான் இருக்கும். கதவைத் திறந்தால் காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கையகல ஃபிரிட்ஜ், மூலையில் பீரோ சைஸில் ஒரு டாய்லெட். பகலெல்லாம் சாப்பாட்டு மேஜையாக இருப்பது ராத்திரி கட்டிலாகிவிடும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே ரூமில் மூன்று பேராகக் காலம் தள்ளியவர்களுக்கு இது அரண்மனை. பாத்ரூம் வாசலில் க்யூ கிடையாது. ஆனால் பாத்ரூமை நாமே கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அந்த வைபவத்தைப் பிறகு சொல்கிறேன்.

2024 மார்ச்சில் ஆக்லாந்தில் இருக்கும் நண்பனுடன் இப்படி ஒரு வண்டியில் கிளம்பினேன். பி.காமில் எனக்குப் பக்கத்து சீட். இப்போது அங்கே கணக்கெழுதும் உத்தியோகம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று பிரித்துவிடுகிற ஜாதி.

"எங்கேடா போறோம்?"

"நேப்பியர். கடற்கரை ஊர். 65 ஆயிரம் பேர் இருப்பாங்க."

"அங்கே என்ன இருக்கு?"

"ஒரு பூகம்பம் இருந்துச்சு."

முடிந்துபோன பூகம்பத்தைப் பார்க்க 420 கிலோமீட்டர் போக வேண்டுமா என்று நினைத்தேன். டீசலுக்குக் காசு அவன் போட்டதால் கேட்கவில்லை. டீசலோடு போகாது என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. நியூசிலாந்தில் பெட்ரோலுக்கு வரி விலையிலேயே அடங்கிவிடும். டீசல் வண்டிக்கு ஓடுகிற கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனி. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மீட்டரைப் பார்த்து வசூல் பண்ணுவார்கள். வழி தவறிச் சுற்றினால் அதற்கும் வரி!

நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் ஒரு நிம்மதி. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் போகலாம். எங்கள் வண்டி மேட்டைக் கண்டால் 50க்கு இறங்கிப் பெருமூச்சு விட்டது. பின்னால் பத்து கார் வரிசை கட்டி வரும். ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. திட்டாமல் பின்தொடர்கிறார்கள் என்பதே ஒரு மாதிரி உதறலாக இருந்தது.

டௌப்போ என்கிற ஏரி, எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தில் கடல் மாதிரி கிடக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். அதற்கப்புறம் நேப்பியர் வரைக்கும் மலைப்பாதை, பைன் காடு, மரம் ஏற்றிய லாரிகள்.

மலை இறங்கியதும் எஸ்க் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் இருந்த இடம். 2023 பிப்ரவரி 14 அன்று கேப்ரியல் புயலில் ஆறு உடைத்துக்கொண்டு, வீடுகள் கூரை மட்டத்துக்கு வண்டலில் புதைந்தன. ஒரு வருஷம் கழித்து நாங்கள் போனபோதும் காய்ந்த கொடிகளும் ஆளில்லாத வீடுகளும் இருந்தன. நண்பன் ரேடியோவை அணைத்தான். கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

பிறகு கடல் தெரிந்தது. ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் வலது பக்கம் ஒரு விமான நிலையம்.

"அந்த ஏர்போர்ட்டைப் பாரு. 1931 வரைக்கும் அது தண்ணி. பூகம்பத்துல கடல் அடி மேலே எழும்பி நிலமாயிடுச்சு. மொத்தம் 40 சதுர கிலோமீட்டர்! பத்திரப்பதிவு கிடையாது, புரோக்கர் கமிஷன் கிடையாது. பூமாதேவி கொடுத்த போனஸ்டா!"

ஆபீஸில் வேலை பார்க்கிறவன் போனஸ் என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? எனக்கும் அது பிடித்துப் போயிற்று.

வண்டியை ஹாலிடே பார்க் ஒன்றில் நிறுத்தினோம். வேன்காரர்களுக்கு என்றே உள்ள சத்திரம் அது. கட்டணம் கட்டினால் மின்சார இணைப்பு, தண்ணீர், வெந்நீர்க் குளியல். காசு கொடுக்காமல் சாலை ஓரத்தில் தூங்கலாம் என்று கனவு காண வேண்டாம். நகரசபை அனுமதித்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம். அதற்கும் வண்டியிலேயே மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரும், கழிவைப் பிடித்து வைக்கும் தொட்டியும் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும்.

அந்தத் தொட்டிதான் நான் சொன்ன வைபவம். நிரம்பியதும் வெளியே இழுத்து, சக்கரம் வைத்த பெட்டியைப் போலத் தள்ளிக்கொண்டு போய், அதற்கென்று உள்ள குழியில் கொட்டி, கழுவி, மருந்து ஊற்றித் திரும்பவும் செருக வேண்டும். அங்கே கோடீஸ்வரனும் க்யூவில் நிற்கிறான், குமாஸ்தாவும் நிற்கிறான். எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி சீதோஷ்ணம் பற்றிப் பேசுகிறார்கள். இவ்வளவு சுத்தமான சமத்துவத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ராத்திரி ரசம். ஆக்லாந்தில் சாண்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் வாங்கிய கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழுந்த மறு விநாடி, கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. அடுத்த வேன் தாத்தா பைஜாமாவோடு தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு டம்ளர் ரசம் கொடுத்தோம். குடித்துவிட்டு, "ஜலதோஷத்துக்கு மருந்தா?" என்றார். உலகத்தில் ரசத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வெள்ளைக்காரர் அவர்தான்.

மறுநாள் காலை கடற்கரை. மெரீனா பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். மணல் இல்லை, எல்லாம் சாம்பல் நிறக் கூழாங்கற்கள். கரை சட்டென்று சரிந்து ஆழமாகிவிடுகிறது. அலை அடித்துத் திரும்பும்போது ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அரிசி களைவது மாதிரி சத்தம். குளிக்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. பலகையை மக்கள் மதிக்கவும் செய்கிறார்கள்.

கரையோரம் ஓடும் சாலைக்கு மரீன் பரேட் என்று பெயர். நெடுக நார்ஃபோக் பைன் மரங்கள், கோயில் தேர் வரிசை மாதிரி. அங்கே பானியா என்ற பெண்ணின் வெண்கலச் சிலை, 1954இல் வைத்தது. பானியா கடல் ஜனத்தைச் சேர்ந்தவள். கரையில் இருந்த மவோரித் தலைவன் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு, ராத்திரி கரைக்கும் பகலில் கடலுக்குமாகப் போய்வந்தாள். இவளை நிரந்தரமாகக் கரையிலேயே வைத்துக்கொள்ளும் ஆசையில், தூங்கும்போது அவள் வாயில் சமைத்த உணவை வைத்தான். அவள் விழித்துக்கொண்டு கடலுக்கு ஓடிப்போனாள், திரும்பவே இல்லை. கரைக்கு அப்பால் இருக்கும் கற்பாறைத் திட்டு அவள்தான் என்கிறார்கள். 2005இல் அந்தச் சிலையையே ஒருத்தன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். சில நாட்களில் கண்டுபிடித்துத் திரும்ப வைத்தார்கள்.

ஊருக்குள் நடந்தால் தெருப்பெயர்கள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம்: டென்னிசன் தெரு, பிரவுனிங் தெரு, ஷேக்ஸ்பியர் சாலை, எமர்சன் தெரு. 1850களில் இங்கே அதிகாரியாக இருந்த ஆல்ஃபிரட் டோமெட் வைத்த பெயர்கள். அவரும் கவிஞர், பிரவுனிங்கின் நண்பர். பின்னாளில் நாட்டுக்கே பிரதமரானார். கவிதை எழுதுகிற குமாஸ்தாக்கள் மனம் தளர வேண்டாம்!

இலக்கியம் முடிகிற இடத்தில் நம்ம சரித்திரப் புத்தகம் ஆரம்பமாகிறது. நேப்பியர் என்பதே 1843இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த தளபதி சார்லஸ் நேப்பியரின் பெயர். அவர் ஜெயித்த மியானி யுத்தத்தின் பெயரில் மீயானி என்று ஒரு பேட்டை. பக்கத்து நகரம் ஹேஸ்டிங்ஸ், நம்ம வாரன் ஹேஸ்டிங்ஸ்தான். ஊர் நடுவில் ஒரு பூங்கா, பெயர் கிளைவ் சதுக்கம். சாட்சாத் ராபர்ட் கிளைவ்! 1744இல் சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஆசாமி. வருஷத்துக்கு 5 பவுண்டு சம்பளம். 1753இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச்சில் கல்யாணம். அப்புறம் அவர் சம்பாதித்தது எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராது. சென்னையில் பேனா பிடித்தவருக்கு, அவர் கால் வைக்காத பசிபிக் கரையில் பூங்கா இருக்கிறது. அந்த இடத்துக்கு அதற்கு முன்னால் இருந்த பெயர்களை யாரும் அவரிடம் கேட்கவில்லை; அவரும் கேட்டிருக்க மாட்டார்.

பத்து மணிக்கு நடைச் சுற்றுலா. கூட்டிப் போனவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். முத்துமாலை, 1930களின் பாணித் தொப்பி. குரல் மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"1931 பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள். காலை 10 மணி 47 நிமிஷம்" என்று ஆரம்பித்தார்.

ரிக்டர் அளவில் 7.8. இரண்டரை நிமிஷம் ஆடியது. நடுவில் அரை நிமிஷம் நின்றதாம். முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களை இரண்டாவது ஆட்டம் பிடித்துக்கொண்டது. தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியின் புத்தம்புது நர்ஸ் விடுதி, இரவு டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் மேல் விழுந்தது. மருந்துக் கடைகளில் பிடித்த தீ ஊரின் மையத்தைத் தின்றது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டதால் தீயணைப்புக்காரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், தண்ணீர் வரவில்லை. அன்று காலைதான் துறைமுகத்துக்கு வந்திருந்த வெரோனிகா என்ற கடற்படைக் கப்பலின் ஆட்கள் கரையேறி வந்து இடிபாடுகளைத் தோண்டினார்கள்.

நேப்பியரில் 161 பேர், ஹேஸ்டிங்ஸில் 93 பேர், வைரோவா என்ற ஊரில் 2 பேர். மொத்தம் 256. பழக்கதோஷத்தில் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. சரியாக இருந்ததில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

இதற்கப்புறம் அந்த ஊர்க்காரர்கள் செய்ததுதான் விசேஷம். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், கையில் காசு இல்லை. கிளைவ் சதுக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கடைகளைத் திறந்தார்கள். "தகர டவுன்" என்று பெயர். கிளைவால் வியாபாரிகளுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும். நகரசபையை ஒதுக்கி வைத்துவிட்டு, அரசாங்கம் இரண்டே கமிஷனர்களை நியமித்தது. போட்டியாக இருந்த கட்டடக்கலை நிபுணர்கள் ஒன்று சேர்ந்து வேலை பார்த்தார்கள். தெருவை அகலமாக்கினார்கள். முனைக் கட்டடங்களின் மூக்கைச் சீவி, திருப்பத்தில் வண்டி தெரிய வழி பண்ணினார்கள். மின்சாரம், டெலிபோன் கம்பிகளைத் தரைக்குள் புதைத்தார்கள். 1933 ஜனவரியில் "புதிய நேப்பியர்" என்று திருவிழாவே கொண்டாடிவிட்டார்கள். இரண்டு வருஷம்! எங்கள் தெருவில் பள்ளம் தோண்டி மூடுவதற்கு அதற்கு மேல் ஆகியிருக்கிறது.

"இந்தக் கட்டடங்கள் ஏன் இப்படி இருக்கின்றன தெரியுமா?" என்று அம்மாள் கேட்டார்.

எல்லாம் ஓரடுக்கு, இரண்டடுக்கு. நேர்கோடு, வளைந்து நெளியும் மின்னல் கோடு, சுவரோடு ஒட்டிய சூரியோதயம். பிஸ்கட் மாதிரி இளமஞ்சள், ரோஸ், பச்சை வண்ணங்கள். ஆர்ட் டெகோ என்கிற பாணி. ஏதோ நாகரிக மோகத்தில் கட்டினது என்று நினைத்திருந்தேன். அவர் கணக்குச் சொன்னார். பூகம்பத்தில் பலரைக் கொன்றது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கனமான அலங்காரங்கள். அதனால் இனி எதுவும் துருத்தக் கூடாது. கம்பி கட்டிய கான்கிரீட், உயரம் குறைவு, அழகு வேண்டுமென்றால் சுவரிலேயே தட்டையாகச் செதுக்கிக்கொள். உறுதி, செலவும் குறைவு. பயமும் சிக்கனமும் சேர்ந்து பெற்ற குழந்தை இது.

டென்னிசன் தெருவில் 1932இல் கட்டிய டெய்லி டெலிகிராஃப் பத்திரிகைக் கட்டடம், அஹுரிரி பேட்டையில் லூயிஸ் ஹே வடிவமைத்த 1933ஆம் வருஷத்துப் புகையிலைக் கம்பெனிக் கட்டடம் இரண்டையும் பார்க்காமல் வராதீர்கள். புகையிலைக் கம்பெனி வாசலில் ரோஜாவும் திராட்சையும் செதுக்கிய வளைவு. உள்ளே கல்யாணம் நடக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

1980களில் இவற்றைச் சிலர் இடிக்க ஆரம்பித்தபோது, 1985இல் ஊர்க்காரர்கள் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்திக் காப்பாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு பிப்ரவரியிலும் விழா. பழைய கார், பழைய உடை, ஜாஸ் என்று ஊரே 1930களுக்குப் போய்விடும். 2023 விழாவை நான் சொன்ன அந்தப் புயல் ரத்து செய்தது.

எமர்சன் தெரு முனையில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்துக்குள் அழைத்துப் போய் மேலே கை காட்டினார். கூரை முழுக்க மவோரிச் சித்திர வேலைப்பாடு, சிவப்பும் கறுப்பும் வெள்ளையும். பணம் எண்ணுகிற இடத்தில் மவோரி கூரை. அழகாக இருந்தது.

வெளியே வந்ததும் நண்பன் கணக்கை முடித்துவிட்டான். "பற்றுப் பக்கம் 256 உயிர், ஒரு ஊர். வரவுப் பக்கம் புது ஊர், சுற்றுலா வருமானம், 40 சதுர கிலோமீட்டர் நிலம். உயிருக்கு விலை போட முடியாது. மத்தபடி, வரவு ஜாஸ்திதான்டா."

சாயங்காலம் அஹுரிரிக் கழிமுகத்துக்கு நடக்கப் போனோம். எழும்பிய நிலம் போக மிச்சம் இருக்கும் நீர்ப்பரப்பு அது. சேற்றில் நீண்ட மூக்கோடு பறவைகள். பட்டைவால் மூக்கான், அலாஸ்காவிலிருந்து பசிபிக்கை ஒரே மூச்சில் கடந்து வருகிறது. விசாவும் இல்லை, டீசல் வரியும் இல்லை.

பெஞ்சில் ஒரு மவோரிப் பெரியவர் பிளாஸ்கில் டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள், வேன் எப்படி என்று பேச்சு வளர்ந்தது. நண்பன் தன் போனஸ் ஜோக்கை அவிழ்த்துவிட்டான். பெரியவர் கோபப்படவில்லை. டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஊரில் எல்லோரும் அன்றைக்கு நிலம் வந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கடல் போனது என்போம்."

அவர் பாட்டி சொன்னதாகச் சொன்னார்: தண்ணீர் வடிந்த சேற்றில் மீன்கள் துள்ளித் துள்ளி அடங்கினவாம். இந்தக் கழிக்கு அவர்கள் மொழியில் தெ ஃபங்கனுயி-அ-ஓரோட்டூ என்று பெயர். ஓரோட்டூ என்ற மூதாதையின் பெரிய துறைமுகம். சிப்பி, விலாங்கு, தட்டைமீன் எல்லாம் இங்கேதான். பல தலைமுறைக்குச் சமையலறை அதுதான். ஒரு காலையில் சமையலறை போயிற்று. வந்த நிலமோ அவர்களுக்கு வரவில்லை. பண்ணை வந்தது, வீடுகள் வந்தன, விமானம் வந்தது.

"1851இல் இந்த வட்டாரத்தை அரசாங்கம் எங்களிடம் வாங்கியது. ஆனால் தண்ணீரை நாங்கள் விற்கவே இல்லை" என்றார்.

அது அவர் ஒருத்தருடைய ஆதங்கம் இல்லை. மவோரிகளின் வழக்குகளை விசாரிக்க அமைந்த வைட்டாங்கி தீர்ப்பாயம், 1995இல் இந்தக் கழியைப் பற்றி மட்டும் தனி அறிக்கையே கொடுத்திருக்கிறது. அவர்கள் மூதாதையர் இதை விற்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. 2021இல் அஹுரிரி குலங்களுக்கான உடன்பாடு, மன்னிப்போடு சேர்த்துச் சட்டமாயிற்று. பூகம்பம் இரண்டரை நிமிஷம். அந்தச் சட்டம் வர 90 வருஷம்.

பெரியவர் பிளாஸ்கை மூடிக்கொண்டு எழுந்தார். "பானியா சிலையைப் பார்த்தீர்களா? போட்டோ நன்றாக வரும், காலை வெயிலில் எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரட்டைப் பதிவுக் கணக்கின் முதல் பாடம் எல்லா பி.காம்காரனுக்கும் தெரியும். ஒரு பேரேட்டில் வரவு என்றால் இன்னொரு பேரேட்டில் அதே தொகை பற்று விழுந்தாக வேண்டும். நேப்பியரின் 40 சதுர கிலோமீட்டருக்கு எதிர்ப்பதிவு எங்கே என்று நாங்கள் இரண்டு பேரும் தேடவே இல்லை. அது டீ குடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அன்று ராத்திரி நண்பன் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. ரசத்துக்கு மட்டும், "அலாரத்துக்கு மேல துணியைக் கட்டாதே, ஜன்னலைத் திறந்து வை" என்றான்.

நேப்பியர் போகிறவர்களுக்கு சில யோசனைகள். பிப்ரவரி விழாவுக்கு என்றால் தங்கும் இடத்தைப் பல மாதம் முன்னாலேயே பிடித்துவிடுங்கள். கடற்கரையில் கனமான செருப்பு போடுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். நடைச் சுற்றுலாவைத் தவற விடாதீர்கள். அந்த இரண்டு வருஷ உழைப்புக்குத் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். வேனில் தாளிப்பதானால் கதவைத் திறந்து வையுங்கள். அப்படியே சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தக் கழிமுகத்துக்கும் ஒதுக்குங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.

வேன் சரிப்படாது, விமானத்திலேயே போகிறேன் என்றால் இன்னும் சுலபம். சக்கரம் தரையைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்றுகிற அவசரத்தில், ஜன்னல் வழியாக ஒரு தடவை கீழே பாருங்கள். ஓடுபாதை, புல், கம்பி வேலி. 1931 பிப்ரவரி 3, காலை 10 மணி 46 நிமிஷம் வரைக்கும் அங்கே மீன் இருந்தது. அதைச் சமைத்துச் சாப்பிட ஆட்களும் இருந்தார்கள்.